கரண்டு அண்ணன் காருக்காகப் பேசிய நாள்

ஜொகூர் பாருவில் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், ரயிலுக்கு எதிராக ஒரு ஜீவன்கூடக் கிடையாது. ரயிலேறிப் பார்த்து மனம் மாறியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் வியர்வையில் நனைந்து, வேறு வழியே இல்லாமல் ஒத்துக்கொண்டவர்கள். அத்தனை பேரையும் ஒத்துக்கொள்ள வைத்தவர் ஒரே ஆள், கரண்டு அண்ணன்.

அவருக்குத் தொழில் வயரிங். மின்விசிறி சுற்றவில்லை, பிளக்கில் பொறி பறக்கிறது என்று போன் அடித்தால், பழைய வேனில் வந்து இறங்குவார். இறங்கியதும் மெயின் சுவிட்சைத் தட்டி இறக்குவார். அதுவரைக்கும் எல்லா வயர்மேனும் செய்கிற வேலைதான். பிறகு ஏணியில் ஏறி, கூரையிலிருந்து ஒயரை உருவி, "மேல பாருங்க. ரயிலுக்கு மேல இப்படித்தான் கம்பி போவும்" என்று பாடம் ஆரம்பமாகும். நாம் அண்ணாந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும். வேலை முடிந்தால் சுவிட்சை ஏற்ற வேண்டுமில்லையா? ஏற்ற மாட்டார். மெயின் பாக்ஸ் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

"இப்ப சொல்லுங்க. டீசல் ரயிலு நல்லதா, கரண்டு ரயிலு நல்லதா?"

"கரண்டு ரயிலுதான் அண்ணே."

"மனசார சொல்றீங்களா, வேர்க்குதுன்னு சொல்றீங்களா?"

"ஐயோ, மனசாரதாண்ணே! போடுங்கண்ணே!"

அப்போதுதான் வீட்டுக்குக் கரண்டு வரும். எங்கள் தெரு முனையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார், வீம்பு பிடித்தவர். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்யா" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் வீட்டு ஐஸ்பெட்டியில் இருந்த மீனெல்லாம் இளகி, மதியம் தெருவில் இருந்த பூனைகள் முழுக்க அவர் வாசலில் கூடிவிட்டன. பூனைகளைப் பார்த்த பிறகுதான் ஆசிரியர் கட்சி மாறினார்.

கரண்டு அண்ணனால் ஒரு இடத்தில் நிற்க முடியாது. உட்காரவே முடியாது. சாப்பாட்டுக் கடையில் தே தாரேக்கை வாங்கிக்கொண்டு மேசைக்கு மேசை நடந்தபடியே குடிப்பார். ஒரு மேசையில் ஆரம்பித்த வாதத்தை மூன்றாவது மேசையில் முடிப்பார். நடுமேசைக்காரனுக்குப் பாவம், தலையும் புரியாது, வாலும் புரியாது. ஊருக்குள் தூண் மேல் ஓடும் ரயில் விடலாமா, டயரில் ஓடும் டிராம் விடலாமா என்று பேப்பரில் ஏதாவது வந்துவிட்டால் போச்சு. அன்றைக்கு யாரும் நிம்மதியாக ரொட்டி சானாய் சாப்பிட முடியாது.

"டயர்ல ஓடுனா அது பஸ்ஸுங்க! பஸ்ஸுக்கு மாலை போட்டு ரயிலுன்னு கூப்பிட்டா ரயிலாயிடுமா?"

"உங்ககிட்ட யாருண்ணே கேட்டா?" என்று நானே ஒருநாள் எரிந்து விழுந்திருக்கிறேன்.

"யாரும் கேக்க மாட்றாங்கல்ல, அதான் தம்பி நானே சொல்றேன்" என்று என் தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

வடக்கேயிருந்து மின்சார ரயிலுக்குக் கம்பி இழுத்துக்கொண்டே வந்தார்கள் பாருங்கள், அந்தக் காலத்தில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. லாபிஸில் கம்பம் நட்டாயிற்று என்று யாரோ சொன்னதும் மனைவியை வேனில் ஏற்றிக்கொண்டு லாபிஸுக்குப் போனார். குளுவாங்கில் நட்டதும் குளுவாங்குக்குப் போனார். "மத்தவங்க புருசன் பொண்டாட்டிய அருவிக்குக் கூட்டிட்டுப் போறாங்க, கடலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. இவரு என்னைக் கம்பம் பாக்கக் கூட்டிட்டுப் போறாரு தம்பி" என்று அவர் மனைவி மல்லிகா அக்கா என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். கட்டுச்சோறு வேறு. ரயில்வே வேலிக்கு வெளியே பாய் விரித்து, புளிச்சோறு சாப்பிட்டபடி கம்பத்தைப் பார்த்துவிட்டு வருவார்களாம்.

சொந்தக்காரப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். பையன் நல்ல பையன், நல்ல வேலை, பொந்தியானில் சொந்த வீடு. பெரியவர்கள் எல்லாரும் தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்த நேரத்தில் இவர் எழுந்து நின்று, "பொந்தியானா? அங்க ரயிலு போவாதே!" என்றாராம். மாப்பிள்ளையின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் நடந்தது, நல்லவேளை. ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு இவர் வயர்மேனாகக்கூட அழைக்கப்படவில்லை.

சரி, சிரித்தது போதும். இந்த மனிதருக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று சொல்ல வேண்டும்.

மல்லிகா அக்காவுக்கு வேலை சிங்கப்பூரில், ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். ஊரே தூங்கும்போது எழுந்து, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான மோட்டார்களோடு பாலத்தில் ஊர்ந்து அந்தப் பக்கம் போக வேண்டும். சாயங்காலம் அதே போல் திரும்பி ஊர்ந்து வர வேண்டும். சாப்பிடும்போதே அக்காவுக்குத் தூக்கம் சொக்கும். ஒரு மழைநாளில் ஈரச் சாலையில் வண்டி சறுக்கி, முழங்கை தோல் உரிந்து வந்தார். அந்த வாரம்தான் அக்கா சொல்லிவிட்டார்: கூட வேலை செய்கிற பெண்களோடு சிங்கப்பூரிலேயே ஒரு ரூமில் தங்கிக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிறேன்.

அண்ணனுக்கும் அக்காவுக்கும் பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் இவர் பேச, அவர் "உம்" கொட்ட, அதுதான் அவர்கள் குடும்பம். அக்கா போய்விட்டால் அந்த வீட்டில் "உம்" கொட்ட ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சேதி வந்தது. டவுன் ரயில் நிலையத்துக்குக் காலையும் மாலையும் ஒரு பஸ் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். அது எங்கள் தாமான் வழியாகப் போகுமா, பக்கத்துத் தாமான் வழியாகப் போகுமா என்று முடிவாகவில்லை. பஸ் வந்தால் அக்கா உட்கார்ந்து தூங்கிக்கொண்டே நிலையத்துக்குப் போகலாம், அங்கிருந்து ரயிலில் பாலத்தைத் தாண்டலாம், மோட்டார் வேண்டாம். "பொங்கல் வரைக்கும் பாக்கறேன். பஸ்ஸு வந்தா இங்க இருக்கேன். வரலைன்னா போறேன்" என்று அக்கா கெடு வைத்தார்.

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் கெட்டிக்காரர். பொங்கல் விழாவுக்கு மாநகர் மன்ற உறுப்பினரைச் சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டார். அவர் ஒரு மலாய்க்காரர், நல்ல மனிதர், பஸ் விஷயத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அவர் முன்னால் ஒரு பட்டிமன்றம் வைத்துவிடுவது என்று முடிவாயிற்று. தலைப்பு: "ஜொகூர் பாரு நெரிசல் தீர வழி ரயிலும் பஸ்ஸுமா, சாலையும் காருமா?"

இதில் சிக்கல் என்னவென்றால், ரயில் அணியில் கரண்டு அண்ணனோடு பேச ஒருவரும் சம்மதிக்கவில்லை. மீன் இளகிய ஆசிரியர், "அந்தாளு மைக்கைப் பிடிச்சா நாங்க வாயைத் தொறக்க முடியுமா?" என்று ஒரே போடாகப் போட்டார். தலைவர் தாடையைச் சொறிந்து யோசித்து, அண்ணனைத் தூக்கிக் கார் அணியில் போட்டுவிட்டார்.

நாங்கள் பூகம்பத்தை எதிர்பார்த்தோம். அண்ணன் சங்க அலுவலகத்துக்குள் இரண்டு சுற்று நடந்தார், வெளியே போனார், திரும்பி வந்தார்.

"சரி. பேசறேன்" என்றார்.

வெளியே வந்ததும் என் காதில் சொன்னார்: "தம்பி, நான் சொதப்பிடுவேன். அஞ்சு நிமிசம் உளறிட்டு உக்காந்துக்குவேன். ரயிலு தானா ஜெயிச்சிடும். எப்படி?"

"நீங்க உக்காருவீங்களாண்ணே?" என்றேன்.

பொங்கல் விழா. மாரியம்மன் கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. மன்ற உறுப்பினர் பாத்தேக் சட்டையில் முன்வரிசையில். தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து காதில் மலாயில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். மல்லிகா அக்கா இரண்டாவது வரிசையில், மடியில் கைப்பையோடு.

ஆசிரியர்தான் ரயிலுக்காக முதலில் எழுந்தார். "ரயில் ஒரு நீண்ட வாகனம்" என்று ஆரம்பித்தார். ரயிலில் போனால் இயற்கைக் காட்சிகளை ரசிக்கலாம் என்றார். ஜன்னலோரம் குளிர்ந்த காற்று வரும் என்றார். மேடையில் கரண்டு அண்ணனைப் பார்த்தேன். கால் ஆடியது. பிறகு நாற்காலி ஆடியது. அப்புறம் மேசையே ஆடியது. தான் உயிராக நினைக்கிற ரயிலுக்காக இவ்வளவு மட்டமாக ஒரு மனிதன் பேசுவதை அவரால் தாங்க முடியவில்லை. முறை வருவதற்குள் மைக்கைப் பிடுங்கிவிட்டார்.

"கரண்டு ரயில்ல எங்கங்க காத்து வரும்? கண்ணாடிய மூடி ஏர்கான் போட்டிருப்பான்! கேக்கறேன் ஆசிரியரே, கல்யாண வீட்டுக்குச் சீர்வரிசைத் தட்டைத் தூக்கிக்கிட்டு பஸ்ல போவீங்களா? நின்னுக்கிட்டே போவணும்! பிரேக் அடிச்சா தேங்கா உருண்டு டிரைவர்கிட்ட போவும்!"

மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மனிதர் தொலைந்தார். சொதப்ப வந்தவர் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. வாதத்தில் தோற்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது, வாழ்நாளில் பழகியதே இல்லை.

"தீவாளிக்கு முறுக்கு டின்னைத் தூக்கிக்கிட்டு மூணு பஸ்ஸு மாறுவீங்களா? வீட்டுக்குப் போயி தொறந்தா முறுக்கு இருக்காது, மாவுதான் இருக்கும்! அதெல்லாம் விடுங்க. மாமியா வீட்டுக்குப் போறீங்க. அங்க வாய்த்தகராறு வருது. வருமா, வராதா?"

"வரும்!" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரே குரல்.

"கார் இருந்தா, 'வாடி போலாம்'னு சாவிய எடுத்துக்கிட்டு அந்த நிமிசமே கெளம்பலாம். ரயிலுன்னா? அடுத்த ரயிலு வர்ற வரைக்கும் சண்டை போட்ட அதே சோபாவுல, அதே மாமியா கொடுக்கற காப்பிய குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கணும்! மானமுள்ளவன் செய்வானா?"

விசில் பறந்தது. பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நடுவர் எழுந்து, மாமியார் வீட்டு வாதத்துக்கு மறுவாதம் இந்த உலகத்தில் கிடையாது, காரே வென்றது என்று தீர்ப்புச் சொல்லி, அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார். மன்ற உறுப்பினர் மைக்கை வாங்கி, சிரித்த முகத்தோடு, மக்கள் மனது தனக்குப் புரிந்துவிட்டது, இந்தத் தாமானுக்குக் கூடுதலாகக் கார் நிறுத்துமிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அதற்கும் கைதட்டினார்கள், புத்திகெட்டவர்கள்.

அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. பொன்னாடையோடு அப்படியே நின்றார். மல்லிகா அக்கா மேடைக்குக் கீழே வந்தார்.

"ஜெயிச்சிட்டீங்கல்ல? சந்தோசமா இருங்க. நான் ரூமுக்குச் சரின்னு சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். மனிதரை நாலு அறை அறையலாம் போல எனக்கு இருந்தது.

ஆனால் மாரியம்மன் இருக்கிறாள் இல்லையா? வெளியே யாரும் எங்கேயும் போக முடியவில்லை.

எங்கள் ஜனங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அடுத்த தெருவில் வீடு இருந்தாலும் கோயிலுக்குக் காரில்தான் வருவோம். இடமில்லை என்றால் நிறுத்தியிருக்கிற காருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்திவிட்டு, "செகெஜாப்தானே, ஒரு நிமிசம்தானே" என்று உள்ளே போய்விடுவோம். அன்றைக்கு அப்படி வரிசைக்குப் பின் வரிசை. மன்ற உறுப்பினரின் கார் நட்டநடுவில் மாட்டிக்கொண்டது. அதற்குக் குறுக்கே நின்ற கார், வேறு யாருடையதுமல்ல, எங்கள் சங்கத் தலைவருடையது. சாவி அவர் மனைவியிடம். மனைவி எங்கே என்று தெரியவில்லை.

தலைவர் உள்ளே ஓடி மைக்கைப் பிடித்தார், தன் கார் என்று சொல்ல வெட்கம். "வாசல்ல வெள்ளைக் கார் நிறுத்தியிருக்கறவங்க தயவுசெஞ்சு எடுங்க!"

"எல்லாமே வெள்ளைக் காருதான் தலைவரே!" என்று யாரோ கத்தினார்கள்.

உச்சிவெயில். மன்ற உறுப்பினர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். மல்லிகா அக்காவின் மோட்டாரும் அதே கார்களுக்கு நடுவில் சிக்கியிருந்ததால் அவரும் அங்கேயே நின்றார்.

"அலமாக், லம்பாட் லா!" என்றார் உறுப்பினர். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதாம்.

அக்கா அவரை மரியாதையாக 'என்சிக்', அதாவது ஐயா, என்று கூப்பிட்டு மலாயில் மெதுவாகச் சொன்னார்: "என்சிக்குக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் இப்படி. எனக்குத் தினமும் இப்படித்தான்."

உறுப்பினர் கைக்குட்டையை மடக்கிக்கொண்டு திரும்பினார். எங்கே வேலை என்று கேட்டார். அக்கா சொன்னார். எழுந்திருக்கிற நேரத்தைச் சொன்னார், பாலத்தைச் சொன்னார், சட்டைக் கையை ஏற்றி முழங்கைத் தழும்பைக் காட்டினார். அண்ணன் பின்னாலேயே ஓடிவந்து பொன்னாடையோடு நின்றிருந்தார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு தன் உடைந்த மலாயில் ஆரம்பித்தார். "என்சிக், மேடையில பேசுனது எல்லாம் பொய்யி. ஜெயிக்கணும்னு பேசிட்டேன், என் வாயி அப்படி. எனக்கு ரயிலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இவ சாயங்காலமானா வீட்டுக்கு வரணும். அதுக்குத்தான் இத்தனை நாளா ரயிலு ரயிலுன்னு கத்திக்கிட்டிருக்கேன்."

அக்கா அவரைப் பார்த்தார். இதை அவரும் அன்றைக்குத்தான் முதலில் கேட்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

சரியாக அந்த நேரத்தில் தலைவரின் மனைவி, கையில் பாயாச டம்ளரோடு என்னிடம் வந்து, "தம்பி, சாவி இந்தாங்க, கொஞ்சம் எடுத்து விட்டுடுங்க" என்று நீட்டினார். வாங்கினேன். வாங்கி என் சட்டைப் பைக்குள் போட்டேன். பிறகு சமையற்கட்டுக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து, வடை பாயாசத்தோடு நிதானமாகச் சாப்பிட்டேன். மைக்கில் தலைவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை ரசம் வாங்கிக்கொண்டேன்.

நான் திரும்பி வந்தபோது மன்ற உறுப்பினர் பிளாஸ்டிக் நாற்காலியில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். தலைவர் காரின் பானெட்டில் தூசி படிந்திருந்தது. அதில் கரண்டு அண்ணன் விரலால் எங்கள் தாமான், பெரிய சாலை, டவுன் நிலையம் எல்லாம் போட்டு, பஸ் எங்கே திரும்ப வேண்டும் என்று கோடு இழுத்துக்கொண்டிருந்தார். உறுப்பினரும் ஒரு விரலை நீட்டி ஒரு வளைவைத் திருத்தினார். அதற்குப் பிறகுதான் என் சட்டைப் பைக்குள் சாவி இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

பஸ் வந்தது. எங்கள் தாமான் வழியாகவே வந்தது.

முதல் நாள் காலை நானும் ஏறினேன், என் ஆபீஸ் டவுனில்தான். மல்லிகா அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, பெரிய சாலையைத் தொடுவதற்குள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். திரும்பிப் பார்த்தால், பஸ்ஸுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய வேன். பொதுப் போக்குவரத்தின் போர்வாள், பஸ் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேனில் வருகிறார்! சிக்னலில் இரண்டும் பக்கம் பக்கமாக நின்றன. அண்ணன் எட்டி ஜன்னலைப் பார்த்தார். பச்சை விழுந்தது. அவர் நகரவில்லை. பின்னால் ஹார்ன் அலறியது. மனிதர் வேனிலிருந்து இறங்கி, பின்னால் நின்ற அத்தனை கார்களையும் பார்த்து, உதட்டில் விரலை வைத்து "உஷ்!" என்றார். அவர்கள் மலாயிலும் சீனத்திலும் அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

போன மாதம் என் வீட்டு மின்விசிறி கரகரவென்று சத்தம் போட்டது. அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தார், மெயினை இறக்கினார், ஏறினார், ஒரு திருகாணியை முடுக்கினார், இறங்கினார்.

"அக்கா எப்படிண்ணே இருக்காங்க?"

"ரூமு வேணாம்னுட்டா. இப்ப சாயங்காலம் வந்து என்கூடச் சண்டை போடவே தெம்பு இருக்கு அவளுக்கு" என்றார் பெருமையாக. பிறகு வலது கை மெயின் பாக்ஸ் மேல் போய் உட்கார்ந்தது. கால் ஆட ஆரம்பித்தது. "ஆனா தம்பி, இதுவும் டீசல் பஸ்ஸுதானே? கரண்டு பஸ்ஸு வேணுமா, வேணாமா? பஸ்ஸுக்குத் தனி லேன் வேணுமா, வேணாமா? சொல்லுங்க, போடறேன்."

உள்ளே புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என் மனைவி அறைக்குள்ளிருந்து, "ஒத்துக்கிட்டுத் தொலைங்களேன்!" என்று கத்தினாள்.

"எனக்கு என்னமோ டீசலே போதும்னு தோணுதுண்ணே" என்றேன், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு.